ஓரணாத் தீர்மானம்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக்குத் தொண்டாற்றிய ஒருவரைப் பற்றி இந்தக் கூட்டத்தில் பேசும்படி என்னைப் பணித்தார்கள். ஆசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ இல்லாத ஒருவரை நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவர் வணிகர். நகராட்சி மன்றத்தில் உட்கார்ந்து வாதாடியவர். சென்னையில் தி.நகர் என்று நாம் சுருக்கிச் சொல்லும் இடம் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. அவர் சர் பிட்டி தியாகராயர். நம் பள்ளிகளில் இன்று காலையிலும் நண்பகலிலும் எரியும் அடுப்புக்கும் அவருக்கும் உள்ள உறவைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1852 ஏப்ரல் 27-இல் பிறந்த தியாகராயர், 1876-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டதாரிக்கு அரசு உத்தியோகம் காத்திருந்தது. அவர் தொழிலுக்குப் போனார். நெசவும் தோல் வணிகமும் அவருக்குச் செல்வம் சேர்த்தன. 1909-இல் தென்னிந்திய வர்த்தக சபை தொடங்கப்பட்டபோது அதை உருவாக்கியவர்களில் ஒருவராக இருந்தார். அதன் தலைவராகப் பத்தாண்டுக்கு மேல் பொறுப்பு வகித்தார்.

வணிகம் ஒரு பக்கம் நடக்க, 1882 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சி மன்ற உறுப்பினராகவும் இருந்தார். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, தொடக்கப் பள்ளி என்று அன்றாடக் காரியங்களைப் பேசும் இடம் அது. மேயர் என்ற பதவிப் பெயர் வருவதற்கு முன்பு அந்த மன்றத்துக்குத் தலைவர் என்ற பதவி இருந்தது. அதில் அரசு அதிகாரிகள் அமர்ந்துவந்தார்கள். மன்றத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டு அந்த நாற்காலியில் அமர்ந்த, அதிகாரி அல்லாத முதல் தலைவர் தியாகராயர்.

அவர் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பர் 16 அன்று, மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கலாம். ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. இதுதான் அதன் சாரம். அங்கே படிப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள், அதனால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை வெகுவாகப் பாதிக்கப்படுகிறது என்று தலைவர் மன்றத்துக்கு விளக்கினார்.

ஆசிரியர்களாகிய நாம் இந்தத் தீர்மானத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எந்தப் பள்ளி என்று இருக்கிறது. என்ன கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எவ்வளவு செலவிடலாம் என்றும் இருக்கிறது. அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும். பெரிய அறிவிப்பு எதுவும் அதில் இல்லை. மாணவர் ஏன் குறைகிறார்கள் என்று ஒரு வணிகர் கணக்குப் பார்த்திருக்கிறார். விடை வயிற்றில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஆகும் செலவையும் போட்டுக் காட்டியிருக்கிறார்.

இங்கே ஒரு கேள்வி எழும். தியாகராயர் செல்வந்தர். ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஓர் அணா என்பது அவருக்குப் பெரிய தொகையாக இருந்திருக்காது. சொந்தப் பணத்தில் அன்னதானமாகவே செய்திருக்கலாமே? ஊரும் வாழ்த்தியிருக்கும். அவர் மன்றத்தின் முன் வைத்தார். வள்ளலின் கையிலிருந்து வரும் சோறு, அந்த வள்ளலின் மனமும் வருமானமும் இருக்கும்வரை வரும். மன்றத் தீர்மானத்தால் வரும் சோறு பொதுப்பணத்தில் வருகிறது. அதைக் கேட்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வாங்கிச் சாப்பிடக் கூச்சம் வேண்டியதில்லை. அவரைப் போற்றுவதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அந்தத் தீர்மானத்துக்குச் சில மாதங்களில் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல் வந்தது. தியாகராயர் முன்னின்று வளர்த்த நீதிக் கட்சி வென்றது. ஆட்சி அமைக்க ஆளுநர் வில்லிங்டன் அவரைத்தான் அழைத்தார். அவர் ஏற்கவில்லை. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். தியாகராயர் மாநகராட்சிப் பணியைத் தொடர்ந்தார்.

சிற்றுண்டி பின்னர் வேறு சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிள்ளைகள் கூடினார்கள். ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய ஆங்கில அரசு இசையவில்லை. 1925-இல் திட்டம் நின்றது. அதே ஆண்டு ஏப்ரல் 28-இல் தியாகராயரும் மறைந்தார்.

திட்டம் நின்றாலும் தீர்மானம் ஏட்டில் இருந்தது. பள்ளியில் உணவு கொடுப்பது அரசின் வேலைதான் என்று ஒருமுறை எழுதியாகிவிட்டது. 1950-களின் நடுவில் காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்போடு, மதிய உணவு ஊர் ஊராகப் பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின. தட்டு மட்டும் திரும்பத் திரும்ப நிறைந்துகொண்டே வந்திருக்கிறது.

நண்பர்களே, நாம் நமக்குள் பேசிக்கொள்ளும் ஒன்றையும் இங்கே வெளிப்படையாகச் சொல்கிறேன். “பாடம் நடத்த வந்தோமா, சோறு போடுவதைப் பார்க்க வந்தோமா?” என்று ஆசிரியர் அறையில் கேட்கிறோம். வேலைப்பளு உண்மை. பதிவேடுகள் மிகுதி என்பதும் உண்மை. ஆனால் 1920-இல் அந்தச் சிற்றுண்டி, பள்ளியில் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பதற்காகவே வந்தது. பிள்ளை வந்தால்தான் பாடம். அதனால் உணவுக்கூடத்தில் நாம் நிற்கும் நேரத்தை ஆசிரியப் பணிக்கு வெளியே வைக்க என்னால் முடியவில்லை.

நான் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சிலர், ஜூன் மாதத்திலேயே பதினொரு மணிவாக்கில் மேசைமேல் தலைசாய்க்கிறார்கள். ஒரு மாணவியிடம், “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டேன். “போன வருஷம் ஸ்கூல்ல சாப்பிட்டேன் டீச்சர்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை; கேட்ட கேள்விக்குத் தனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னாள்.

எங்கள் பள்ளியில் அதன்பின் இரண்டு வாரம், சாப்பிடாமல் வருபவர்களை யாருக்கும் தெரியாமல் வகுப்புவாரியாகக் குறித்தோம். பெயர்களை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். பெற்றோர்கள் பேசினார்கள், வார்டு உறுப்பினரும் பேசினார். கடைத்தெரு வணிகர்கள் சிலர் முதல் இடைவேளையில் சுண்டல் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். மனமார நன்றி சொன்னோம். அதோடு நிறுத்தாமல், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை காலை உணவு வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையொப்பமிட்டு, மேலே அனுப்பியும் இருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஒரு கடைக்காரருக்கு வியாபாரம் சரிந்தால் சுண்டல் நின்றுபோகும். எங்கள் தீர்மானம் பதிவேட்டில் இருக்கும்.

உங்களிடம் நான் கேட்பதும் இதுதான். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே, காலை உணவு வந்தபின் உங்கள் வருகைப் பதிவேட்டில் என்ன மாறியிருக்கிறது என்று எழுதிவையுங்கள். உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களே, பசியோடு வருபவர்களை எண்ணுங்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த எண்ணை வையுங்கள். உள்ளூரில் வசதியும் மனமும் உள்ளவர்கள் உதவினால் வாங்கிக்கொள்வோம், தீர்மானத்தையும் எழுதுவோம். ரிப்பன் மாளிகை முன் தியாகராயருக்குச் சிலை இருக்கிறது. நாம் மாலை போடப் போகாவிட்டாலும், நம் பள்ளித் தீர்மானப் புத்தகத்தில் அவர் செய்த வேலையைத் தொடரலாம்.