மலைப்பாதை ஜீப்புக்கு உழைக்கும் ஷாக் பிராக்கெட்
(வானொலியில் ஆற்றிய உரை. உரையாற்றியவர்: வேளாண்மை விரிவாக்க அலுவலர், ஆத்தூர்)



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்கு ஜீப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்குதுங்க. கல்வராயன் மலையிலும் பச்சமலையிலும் விளைகிற மரவள்ளிக் கிழங்கு, ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைக்கு வந்து சேர்ந்தால்தான் காசு. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. உள்ளே நீலக்கோடு விழும், மாவு இறங்கும். ஆலையில் மாவுப் பாயிண்ட் பார்த்துத்தானே விலை? பாதி வழியில் வண்டி படுத்துவிட்டால் பத்து மாதப் பாடும் அதோடு படுத்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி கதையைச் சொல்கிறேன். மலையடிவாரத்தில் இருப்பவர். பழைய ஜீப்பு ஒன்று வைத்திருக்கிறார். மேல்காட்டில் இருந்து கிழங்கு மூட்டைகளை அதில்தான் இறக்குவார். ஒரே வருடத்தில் பின்பக்க ஷாக் அப்சார்பரை இரண்டு தடவை மாற்றினார். மூன்றாம் தடவை ஷாக் நன்றாகவே இருந்தது. அதைச் சேஸிஸோடு பிடித்திருக்கிற பிராக்கெட் பிய்ந்து வந்துவிட்டது. அன்றைக்குக் கிழங்கு மலையிலேயே மூன்று நாள் கிடந்தது. விலை எவ்வளவு இறங்கியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

அது மட்டுமல்ல. பிராக்கெட் விட்டுப் போன ஷாக் சும்மா தொங்காது. ஆடி ஆடிப் பக்கத்தில் உள்ள பிரேக் குழாயில் இடிக்கும். வளைவில் இறங்கும்போது அந்தக் குழாய் அறுந்தால் என்ன ஆகும்? அன்று வண்டியில் நாலு பெண் கூலியாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழாய் தப்பியது, தெய்வாதீனம்.

அவர் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அவர்கள் நல்ல தடிமனான தகடாகப் போட்டு, சுற்றிலும் வெல்டிங் வைத்து அனுப்பினார்கள். இரண்டே மாதம்! இந்தத் தடவை பிராக்கெட் அசையவில்லை. வெல்டிங் ஓரமாகச் சேஸிஸே வெடித்துவிட்டது.

பிறகு, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் வெகுகாலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் போனோம். அவர் உடைந்த இடத்தைத் தொடவே இல்லை. "தம்பி, பட்டை எத்தனை சேர்த்திருக்கீங்க?" என்று கேட்டார். பாரம் தாங்கட்டும் என்று பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார் நம்மவர். "வெறும் வண்டியா மலை ஏறும்போதுதானே டக்கு டக்குன்னு சத்தம் கேக்குது?" என்றார் பெரியவர். ஆமாம், அப்படித்தான்!

விஷயம் இதுதான். பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங் பட்டை. ஆட்டத்தை அடக்குவது ஷாக். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்கள் வழியே நெருக்கிப் போவதால் குலுக்கல் அடங்குகிறது. பட்டை கூட்டினால் வெறும் வண்டி உயரமாக நிற்கும். ஷாக் அப்போதே முக்கால்வாசி நீண்டுவிடும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதற்குமேல் நீள இடம் இல்லை. அச்சும் சக்கரமும் சேர்ந்த கனம் முழுவதும் பிராக்கெட்டைப் பிடித்து இழுக்கும். ஒரு நாளைக்கு எத்தனை பள்ளம்! எந்த இரும்பு தாங்கும்?

ஆகவே பிராக்கெட் உடைந்தால், உடைந்ததை மட்டும் பார்க்காதீர்கள். ஏன் உடைந்தது என்று பாருங்கள். இலை மஞ்சளானதும் யூரியா போடுவதில்லையே, வேரைப் பார்க்கிறோம் அல்லவா? அதே மாதிரிதான்.

இனி, புதிதாகப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நீளம். ஜாக்கி வைத்துச் சேஸிஸைத் தூக்கி, அடியில் உறுதியான தாங்கல் கொடுத்து, சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். அந்த நிலையிலும் ஷாக் இன்னும் ஓர் அங்குலமாவது நீள இடம் வேண்டும். அதேபோல் முழுப் பாரத்தில் சக்கரம் மேலேறும்போது, ஷாக் அடி தட்டும் முன்பே ரப்பர் ஸ்டாப்பர் அச்சைத் தடுக்க வேண்டும். அந்த ஸ்டாப்பர் தேய்ந்தோ விழுந்தோ போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இரண்டாவது, இரண்டு பக்கப் பிடிப்பு. ஒரு பக்கம் மட்டும் பிடித்த போல்ட்டு, சுவரில் அடித்த முளைக்குச்சி மாதிரி. பாரம் தொங்கத் தொங்க வளையும். இரண்டு பக்கமும் தகடு வைத்து நடுவில் ஷாக்கின் கண் உட்காரும்படி செய்தால், சுமையை இரண்டு இடம் பகிர்ந்து கொள்ளும். மேடு பள்ளத்தில் ஓடும் வண்டிக்கு இதுவே உழைக்கும். தகடுக்கு மூலையில் முக்கோணத் தாங்கல் ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, போல்ட்டு. தலையில் 8.8 என்று பொறித்ததைக் கேட்டு வாங்குங்கள். சதுர மில்லி மீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவை தாங்கும் ரகம் அது. பிராக்கெட் துவாரத்துக்குள் போல்ட்டின் வழவழப்பான பாகம் இருக்க வேண்டும், மரை இருக்கக் கூடாது. மரை இருந்தால் அரம் மாதிரி ராவி, துவாரத்தை முட்டை வடிவமாக்கிவிடும். நட்டு, தானாகக் கழலாத நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும்.

நான்காவது, புஷ். பாலியூரித்தேன் புஷ் வெகுநாள் தேயாது, எண்ணெய்க்கும் அசையாது. ஆனால் அது கெட்டி; அடியை அப்படியே பிராக்கெட்டுக்குக் கடத்தும். ரப்பர் புஷ் சீக்கிரம் தேய்ந்தாலும் அடியைத் தான் வாங்கிக் கொள்ளும். பழைய சேஸிஸ் உள்ள ஜீப்புக்கு நல்ல ரப்பர் புஷ்ஷே போதும். புஷ் மலிவு, சேஸிஸ் மலிவல்ல. ரப்பரில் கிரீஸ், டீசல் படவிடாதீர்கள், ஊதிப் போகும். இன்னொன்று: வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போதுதான் நட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால், தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக் கொண்டே இருந்து கிழியும்.

ஐந்தாவது, சாய்வு. இடம் இல்லையென்று ஷாக்கை அதிகமாகச் சாய்த்துவிடாதீர்கள். 45 டிகிரி சாய்ந்தால், அச்சு பத்து அங்குலம் ஏறும்போது ஷாக் ஏழு அங்குலம்தான் நகரும். ஆட்டம் அடங்காது.

ஆறாவது, வெல்டிங். சேஸிஸின் கீழ் விளிம்பில் குறுக்காக வெல்டிங் வைக்கவே கூடாது. சூடு பட்ட இடம் பலம் குறைந்து, விளிம்பில் இருந்து வெடிப்பு கிளம்பும். பக்கவாட்டுச் சுவரில் நீளவாக்கில் வைக்க வேண்டும். ஏற்கெனவே வெடிப்பு இருந்தால், அது முடியும் இடத்தில் சிறு துளை போட்டு நிறுத்திவிட்டுத்தான் அடைக்க வேண்டும். வேலைக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், ஷாக்கையும் கழற்றித் தள்ளி வையுங்கள். வாயு நிரப்பிய ஷாக்கில் நெருப்பு பட்டால் வெடிக்கும். உயிருக்கே ஆபத்து!

நம் நண்பர் என்ன செய்தார்? கூடுதல் பட்டையில் ஒன்றை எடுத்துவிட்டார். மீதி உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் ஷாக் வாங்கி, இருபக்கப் பிராக்கெட் வைத்தார். நடைக்கு மூன்று மூட்டை குறைத்துக் கொண்டார். ஒரு நடை கூடத்தான் போகிறது. ஆனால் போன இரண்டு பருவமும் பிடுங்கிய கிழங்கு மறுநாளே ஆலைக்குப் போய்விட்டது.

பெருமக்களே, மாதம் ஒரு தடவை வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பிராக்கெட் ஓரத்தில் சிவப்பாகத் துருப்பொடி கோடு போட்டிருந்தால் அங்கே வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஷாக்கைக் கையால் பிடித்து ஆட்டுங்கள்; கடகட என்றால் புஷ் போய்விட்டது. மாற்றுவதானால் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள் நம் பெரியவர்கள். வண்டியிலே பெரிய சாமான்கள் நம் கண்ணுக்குத் தெரியும். அவற்றைப் பிடித்திருக்கிற சின்னச் சாமான் தெரிவதில்லை. கிழங்கு பிடுங்குவதற்கு முன் ஒரு பத்து நிமிஷம் அதற்கும் ஒதுக்குங்கள்.