படம் நிற்கும் இடம்



அச்சுப் பக்கத்தில் படத்தை எவ்விடத்தில் வைப்பது என்பது குறித்து இன்று சிறிது பேச விழைகிறேன். அற்பச் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள்; என் கவனக்குறைவால் பிள்ளைகள் சிலர் அரைமணி நேரத்தை இழந்ததுண்டு.

1988-இல், அப்போது தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நன்னிலத்தில் நான் கணக்கு ஆசிரியன். அரையாண்டுத் தேர்வின் வடிவியல் வினாத்தாளை ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தேன். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலம் அது. படத்திற்குத் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்து, மரக்கட்டையில் அறைந்து, எழுத்துக்களுக்கிடையே செருகி முடுக்குவார்கள். ஏழாம் வினாவில் 'கீழ்க்காணும் படத்தில்' என்று எழுதியிருந்தேன். அது பக்கத்தின் அடியில் வந்துவிடவே, கட்டைக்கு இடமில்லை. கோப்பவர் அதனை மறுபக்கத்தில் எட்டாம் வினாவின் கீழ் வைத்துவிட்டார். மெய்ப்புப் பார்த்த நான் சொற்களைப் படித்தேனேயன்றிப் படத்தை நோக்கவில்லை. பின்னர் மதிப்பெண்ணைக் கொடுத்துச் சரிசெய்தோம். தேர்வறையில் விழித்த நேரத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி, இயற்பியல் ஆய்வேட்டுடன் வந்தாள். "சார், படத்தை இங்கே வை என்கிறேன்; அது அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது" என்றாள். அவள் கையாண்டது லேடெக். தம் நூலின் புதிய பதிப்புக்கு 1977-இல் வந்த மெய்ப்பைக் கண்டு மனம் நொந்த பேராசிரியர் டொனால்டு கனூத் ஆக்கிய டெக் என்னும் மென்பொருளின்மேல், லெஸ்லி லாம்போர்ட் எழுப்பியது அது.

நெல்லை எந்தச் சாக்கிலும் கொட்டி நிரப்பலாம், எழுத்து அத்தகையது. படமோ உரலைப் போன்றது. வண்டியில் இடம் போதாவிட்டால் உரலைப் பாதியாக அறுக்க முடியுமா? ஆகவே லேடெக் அதனை அடுத்த வண்டியில் ஏற்றுகிறது. இங்கே, பக்கத்தின் தலையில், அடியில், தனிப்பக்கத்தில் என நான்கு இடங்களை நாம் அனுமதிக்கலாம். இவளோ 'இங்கே' என்பதை மட்டும் கொடுத்திருந்தாள். 'அடுத்த பக்கத்தின் தலையிலும் வைக்கலாம் எனக் கொள்கிறேன்' என்று மென்பொருள் எச்சரித்தும் இருந்தது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்! நானும் அன்று படிக்கவில்லைதானே.

படம் நகரட்டும், எண் நகராது. படத்துக்குத் தலைப்பைக் கொடுத்து, அதன் பின்னரே அடையாளப் பெயரை இடவேண்டும். முன்னே இட்டால் படத்தின் எண்ணுக்குப் பதில் பிரிவின் எண் வந்து நிற்கும். பிறகு, கட்டுரையில் அப்பெயரைச் சொல்லி அழைத்தால் 'படம் 4' என்று தானே அச்சாகும். இடையில் புதுப் படம் புகுந்தால் 5 ஆகிவிடும். ஒன்று மறவாதீர்கள்: கோப்பை இருமுறை ஓட்டவேண்டும். முதன்முறை எண்ணைக் குறித்துக்கொள்ளும். மறுமுறைதான் உரிய இடத்தில் எழுதும். அதுவரை கேள்விக்குறிகளே தென்படும்.

அவளும் நானும் அமர்ந்து ஆய்வேட்டில் 'கீழே' என்னும் சொல்லைத் தேடினோம். பதினோரிடங்களில் இருந்தது. ஒவ்வொன்றாக மாற்றி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.