கழுத்துக் கருமை அழுக்கன்று
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று எவரும் எண்ண வேண்டா. அண்ணல் அம்பேத்கர் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவால் பெரிதும் வாடினார். 1956 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தபோது வயது 65தான். இன்னும் ஒரு பத்தாண்டு இருந்திருக்கலாகாதா என்று ஏங்காதவர் நம்மில் எவர்?

நீரிழிவு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. உண்ட உணவு சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. அதனைத் தசைக்குள் புகச் செய்வது கணையம் சுரக்கும் இன்சுலின். தசையும் ஈரலும் அதற்குச் சரிவரப் பணியாத நிலையையே இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். அவை பணிய மறுக்க மறுக்கக் கணையம் மேலும் சுரந்து ஈடு செய்கிறது. ஆகவே பல ஆண்டுகள் வரை இரத்தச் சர்க்கரை ஒழுங்காகவே இருக்கும். கணையம் களைத்த பின்னரே ஏறும். சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு, ‘நமக்கு ஒன்றுமில்லை’ என்று வீடு திரும்புவோர் ஏமாறுவது இங்கேதான்.

இன்சுலினுக்குப் பணியும் நீரிழிவு, பணியாத நீரிழிவு என இருவகை உண்டென்று 1936இலேயே இங்கிலாந்தின் ஹிம்ஸ்வொர்த் எழுதினார். இந்த எதிர்ப்பைச் சுற்றியே இரத்த அழுத்தமும் கொழுப்புக் கோளாறும் கூடி வருகின்றன என்று 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் எடுத்துக் காட்டினார். அக்கூட்டத்துக்கு இன்றைய பெயர் மெட்டபாலிக் சின்ட்ரோம். அதன் அடையாளங்கள் ஐந்து. இடுப்புச் சுற்றளவு நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல், இரத்த அழுத்தம் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100, ட்ரைகிளிசரைடு 150, நல்ல கொழுப்பாகிய எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறைவு. இவற்றுள் மூன்று இருந்தால் போதும்.

இனி, எதிர்ப்பைக் கண்டறியும் வழி. ஒரு கையில் இன்சுலினையும் சர்க்கரை நீரையும் ஏற்றிக்கொண்டே, மறுகையிலிருந்து சில நிமிடத்துக்கொரு முறை இரத்தம் எடுத்துச் சில மணி நேரம் அளக்கும் ‘கிளாம்ப்’ முறையே துல்லியமானது. அஃது ஆராய்ச்சிக் கூடத்துக்குரியது, நமக்கு உதவாது. 1985இல் ஆக்ஸ்போர்டில் வகுத்த ‘ஹோமா’ கணக்கு எளிது. வெறும் வயிற்றுச் சர்க்கரையை அதே வேளை எடுத்த இன்சுலின் அளவால் பெருக்கி 405ஆல் வகுக்க வேண்டும். சர்க்கரை 95, இன்சுலின் 15 எனில் விடை 3.5. பலர் 2.5ஐ ஒட்டி எல்லை வகுப்பதால் இது மிகுதியே. சர்க்கரை 95 என்ற தாளை மட்டும் பார்த்தவர் மகிழ்ந்திருப்பார்! ஆனால் இன்சுலின் அளவு ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் மாறும், கட்டணமும் உண்டு. எல்லாரும் அதனைச் செய்தே ஆக வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம்.

அதனினும் மலிவானது ஒன்று உண்டு. கொழுப்புப் பரிசோதனைத் தாளில் ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்.லால் வகுத்துப் பாருங்கள். 180ஐ 36ஆல் வகுத்தால் 5. மூன்றும் அதற்கு மேலும் ஐயத்துக்குரியவை என்று ரீவன் குழுவினர் 2003இல் கண்டனர். எனினும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இவ்வளவுகோல் சரிவரப் பொருந்துவதில்லை. ஓர் இனத்தை அளந்த கோல் எல்லா இனத்துக்கும் ஒத்துவராது என்பதை நாம் மறக்கலாகாது.

காசே செலவில்லாத அடையாளமும் உண்டு. கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட்டுப் போலாவது. மருத்துவர் இதனை அகாந்தோசிஸ் நைக்ரிகான்ஸ் என்பர். பெரும்பாலும் மிகுதியான இன்சுலின் தோலைத் தூண்டுவதால் வருவது. ஆனால் நம் பிள்ளைகளிடம் இது காணப்பட்டால், ‘குளிப்பதில்லையா?’ என்று கேட்பவர் எத்தனை பேர்! அழுக்கு என்னும் சொல்லைத் தலைமுறை தலைமுறையாக நம்மீது எறிந்தார்கள். அதே சொல்லை நாமே நம் பிள்ளையின் கழுத்தில் எறிவதா? பீர்க்கங்கூடு கொண்டு தேய்த்துப் புண்ணாக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அப்பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

‘நாம் ஒல்லியானவர்கள், இது பணக்காரர் நோயல்லவா?’ என்பது மற்றொரு மயக்கம். புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு யாஜ்னிக் குழுவினர் ஒப்பிட்டனர். புனேக் குழந்தைகளின் எடை சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5. தசை குறைந்திருந்த அளவுக்குக் கொழுப்பு குறைந்திருக்கவில்லை. அரைவயிற்றுக் கஞ்சியோடு வயல்வேலை செய்த தாய்மாரின் வழி வந்தவர்கள் நாம். கல்வி நம்மை நாற்காலியில் அமர்த்தியது, அதில் பெருமைதான். ஆனால் நடவும் அறுப்பும் உழைத்த தசைக்கு இன்று வேலையில்லை, தட்டில் சோறு மட்டும் குறையவில்லை.

இதனை மாற்ற இயலும். இந்தியாவில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைச் சேர்த்துச் சுமார் மூன்றாண்டு கவனித்தனர். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளராயினர். உணவையும் நடையையும் திருத்தியவர்களில் 39 விழுக்காட்டினரே.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கக் கட்டணமில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் ஊழியர் வாசலுக்கே வருகின்றார். இடுப்பளவை நம் இளைஞர்களே எடுக்கலாம். தையற்காரரின் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக் கொண்டு நிற்பவர்களை மறுமுறை அளவுங்கள். அளவைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, ஆறு திங்கள் கழித்து அதே நாடாவோடு அதே வீடுகளுக்குச் செல்லுங்கள்.