களியும் ரோட்லோவும்



சேலத்திலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் பாலக்கோட்டைக் கடந்தபின் வருவது மாரண்டஹள்ளி. அதன்பின் இராயக்கோட்டை, ஓசூர் என்று பாதை மேட்டு நிலத்தில் ஏறிச் செல்கிறது. ஊர்ப் பெயரின் ஈற்றில் நிற்கும் 'ஹள்ளி' கன்னடச் சொல்லாகும். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரம் பெறும். பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. எங்கள் ஊருக்கு அருகே சின்னாற்றின் குறுக்கே அணை கட்டியிருக்கும் ஊருக்குப் பஞ்சப்பள்ளி என்று பெயர். ஹள்ளியும் பள்ளியும் அண்டை வீட்டார். சமையலைப் பற்றிப் பேச வந்தவன் எழுத்திலக்கணம் பேசுகிறானே என்று எண்ண வேண்டாம். இந்தக் குறிப்பு சற்று நேரத்தில் அடுக்களைக்குள் வந்து சேரும்.

எங்கள் வட்டாரத்தின் அன்றாட உணவு நெடுங்காலம் கேழ்வரகுக் களியாக இருந்தது. களி கிண்டுவதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும், பார்த்திராதவர்க்காகச் சொல்லுகிறேன். பானையில் நீர் கொதிக்கும்போது ஒரு பிடி அரிசி நொய்யை இட்டு வேகவிடுவார்கள். நொய் குழைந்ததும் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவே கோலால் ஒரு துளையிட்டு மூடிவிடுவார்கள். கொதிநீர் அத்துளை வழியே மேலேறி மாவை வேகவைக்கும். பிறகு பானையை இறக்கி இரு பாதங்களாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பினால் கட்டி தட்டாமல் கிண்டவேண்டும். தோள் வலிமை வேண்டும் வேலை இது. இறுதியில் கையை நீரில் நனைத்து உருண்டை பிடித்து வைப்பார்கள். கீரைக் கடைசலோ, கொள்ளுச் சாறோ, மொச்சைக் குழம்போ துணைக்கு வரும். களியை மெல்லக்கூடாது; குழம்பில் தோய்த்து விழுங்கவேண்டும். புதியவர்கள் இதில்தான் தோற்றுப்போவார்கள்.

எங்கள் ஊரார் புலாலை விலக்கியவர்கள் அல்லர். ஆயினும் திருவிழாவும் விருந்தும் நீங்கலாக, வாரத்தின் பெரும்பாலான நாட்களில் அடுப்பில் ஏறுவது மரக்கறி உணவே. அதற்குக் காரணம் கொள்கை அன்று, கைப்பணம்.

சில ஆண்டுகளுக்கு முன் பணி நிமித்தமாகக் குஜராத்திலுள்ள சூரத் நகரில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். உடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர், ஜனவரி 14-ஆம் நாள் உத்தராயணத்தன்று தம் இல்லத்திற்கு அழைத்தார். நமக்குப் பொங்கல் வரும் வேளை அது. அங்கே அன்று ஊர் முழுவதும் மொட்டை மாடியில் நின்று காற்றாடி விடுகிறது. கீழே அடுக்களையில் ஊந்தியு என்னும் பண்டம் வேகிறது. மண்பானையில் காய்களையும் கிழங்குகளையும் அடைத்து, வாயை இலையால் மூடி, பானையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுற்றிலும் தீ மூட்டிச் சமைத்த பழைய வயல்வெளிச் சமையல் அது. தலைகீழ் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது. இன்று நகரத்து வீடுகளில் பானை நேராகத்தான் நிற்கிறது. பெயர் மட்டும் கவிழ்ந்தே இருக்கிறது.

நண்பரின் தாயார் முற்றத்தில் அமர்ந்து முறம் நிறையக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அவரை 'மாசி' என்று அழைத்தேன்; அங்கே தாயின் தங்கையை அழைக்கும் சொல் அது. முறத்திலிருந்த காயை 'பாப்டி' என்றார். கையில் எடுத்துப் பார்த்தேன். மூக்கருகே கொண்டு சென்றேன். சந்தேகமே இல்லை, எங்கள் ஊர் அவரைதான். மார்கழிப் பனியில் பறித்த காயில் ஒரு பிசுபிசுப்பும் மணமும் உண்டல்லவா, அதே மணம்.

"மாசி, இது எங்கள் ஊர்க் காய்" என்றேன்.

"சூரத்துப் பாப்டி உலகத்தில் வேறெங்கும் விளையாது, மகனே" என்றார் அவர். அந்தப் பெருமையை மறுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் தாவர நூலார் என் பக்கம். அவரை, மொச்சை, குஜராத்தியர் பாப்டி என்று காயாகவும் வால் என்று உலர்ந்த பருப்பாகவும் வழங்குவது, கன்னடத்தார் அவரே என்பது ஆகிய யாவும் ஒரே இனத்தின் வகைகளே. அது ஆப்பிரிக்காவில் தோன்றி மிகப் பழங்காலத்திலேயே நம் நாட்டில் வேரூன்றிய கொடி. கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து வந்ததே. குஜராத்தின் கத்தியவார்ப் பகுதியார் நாள்தோறும் உண்ணும் கம்பும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. நம் நாட்டுச் சமையலில் எது சுதேசி என்று கண்டிப்புப் பேசுவோர் இதைக் கேட்டால் சற்றே வருந்துவார்கள்.

இப்போது அந்த இலக்கணக் குறிப்புக்கு வருகிறேன். பனிக்காலத்தில் எங்கள் வீடுகளில் முற்றிய பச்சை மொச்சையை இரவில் ஊறவைத்து, மறுநாள் ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோல் நீக்குவார்கள். தோலைவிட்டு வழுக்கி வரும் பருப்புக்குப் பிதுக்குப் பருப்பு என்று பெயர். எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் அதற்கு 'ஹிதுகித பேளே' என்று பெயர். பிதுக்கு அங்கே ஹிதுக்கு ஆயிற்று; பள்ளி ஹள்ளி ஆனது போலவே. இன்னும் மேற்கே கொங்கணக் கரையில், வாலை ஊறவைத்து முளைகட்டித் தோலுரித்துச் சமைக்கிறார்கள். மொழி மாறுகிறது, விரலின் வேலை மாறவில்லை. காரணமின்றி இத்தனை பேர் இத்தனை மணி நேரத்தைச் செலவிடுவார்களா? உலர்ந்த மொச்சையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் சிறிது நச்சுத்தன்மையும் உண்டு. ஊறவைத்த நீரைக் கொட்டி, நன்றாக வேகவைத்தால் அவை குறைகின்றன. வேதியியல் ஆய்வுக்கூடம் தோன்றுமுன்னரே அடுக்களை இதை அறிந்திருந்தது.

கம்பு ரோட்லோவைப் பற்றியும் ஒரு சொல். கோதுமையில் பசைத்தன்மையுள்ள ஒரு புரதம் உண்டு. ஆதலால் அதன் மாவு இழுத்தால் நீளும். குழவியால் மெல்லிதாகத் தேய்க்கலாம். கம்பிலும் கேழ்வரகிலும் அப்புரதம் இல்லை. தேய்த்தால் மாவு விண்டுபோகும். கத்தியவார்ப் பெண்கள் ஆகவே மாவை இரு உள்ளங்கைகளுக்கிடையே தட்டித் தட்டி வட்டமாக்கி மண் ஓட்டில் இடுகிறார்கள். நாமோ கொதிநீரில் மாவை வேகவைத்து அதன் மாச்சத்தையே பசையாக்கி உருட்டிக்கொள்கிறோம். ஒரே இடையூறு, இரு வழிகள். அவர்கள் ரோட்லோவுடன் சுட்ட கத்தரிக்காய், வெங்காயம், வெண்ணெய், வெல்லம் உண்கிறார்கள். மோரும் கடலை மாவும் கலந்து காய்ச்சும் 'கடீ' உடன் வரும். பருப்பில் வெல்லம் இடும் வழக்கத்தை மட்டும் என் நா இன்றுவரை ஏற்கவில்லை. அது என் நாவின் குறையாகவும் இருக்கலாம்.

இனி இப்பேச்சின் மையத்திற்கு வருகிறேன். தானியத்தோடு பருப்பு என்னும் சேர்க்கை, எங்கள் பகுதியில் தட்டில் தொடங்குவதன்று, நிலத்தில் தொடங்குகிறது. மானாவாரிக் கொல்லையில் சில சால் கேழ்வரகுக்கு இடையே ஒரு சால் மொச்சை விதைப்பார்கள். கேழ்வரகை அறுத்த பின்னும் மொச்சை பனியில் படர்ந்து காய்க்கும். மொச்சையின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்றதாக மாற்றித் தருகின்றன. மழை பொய்த்தால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். கேழ்வரகுக்கு மற்றொரு குணமும் உண்டு. பூச்சி எளிதில் அண்டாது. ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மிகுதியாகத் துன்புற்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. இன்றைய தருமபுரி அன்று அதனுள் அடங்கியிருந்தது. அத்தகைய நிலத்தில் வாழ்ந்தோர்க்கு, நாள்பட வைத்திருக்கக்கூடிய தானியம் பொன்னினும் பெரிது.

நிலத்தில் இணைந்தவை உடலிலும் இணைகின்றன. நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத சில அமினோ அமிலங்களை உணவிலிருந்தே பெறவேண்டும். தானியங்களில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. கேழ்வரகில் அது போதிய அளவு உண்டு. இரண்டும் ஒரு தட்டில் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. கேழ்வரகிலுள்ள ஃபைடிக் அமிலம் அச்சத்து முழுவதையும் உடலில் சேரவிடாது என்பதும் உண்மையே. முளைகட்டினாலும் கூழாகப் புளிக்கவைத்தாலும் அத்தடை குறையும்.

1920-களில் நீலகிரியின் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசி மிகுந்த சென்னை உணவை உண்டவை எடையில் கடைசியாக நின்றன. இதில் பாலுக்கும் பெரும்பங்கு உண்டு; பழியெல்லாம் அரிசியின்மேல் போடுவது நேர்மையன்று. ஆயினும் அரிசியே வயிற்றை நிறைக்க, மற்றவை பெயரளவில் நின்றால் என்ன நேரும் என்பதை அந்த எலிகள் காட்டின.

எங்கள் ஊரில் நேர்ந்ததும் அதுதான். அரிசி வந்ததில் எனக்குக் குறையில்லை. பசியைப் போக்கிய தானியத்தைப் பழிப்பவன் பசியை அறியாதவன். நியாய விலைக் கடையில் கிலோ 2 ரூபாய்க்கும், 2008 முதல் 1 ரூபாய்க்கும் கிடைத்த அரிசி, 2011 முதல் விலையின்றியே கிடைக்கிறது. எத்தனையோ குடும்பங்களை அது காத்தது. ஆனால் களி போனபோது தனியே போகவில்லை. தனக்குத் துணையாயிருந்த மொச்சையையும் கொள்ளையும் கீரையையும் கையோடு அழைத்துச் சென்றுவிட்டது. களிக்குக் கெட்டியான குழம்பு இன்றியமையாதது. வெறுங்களி தொண்டையில் இறங்காது. சோற்றுக்கோ நீர்த்த இரசமும் ஊறுகாயும் போதும். ஆகவே போனது களி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் போனது பருப்பு.

விலை மட்டுமா காரணம்? நாணமும் காரணம். நம் மொழியில் 'களி தின்னப் போகிறாய்' என்றால் சிறைக்குப் போகிறாய் என்று பொருள். நான் படித்த நாளில், மதிய உணவுப் பாத்திரத்தில் களி கொண்டுவந்த மாணவர்கள் மரத்தடியில் தனியே அமர்ந்து உண்டார்கள். அவர்களுள் நானும் ஒருவன். பாத்திரத்தின் மூடியை முழுவதும் திறக்காமல், கையை மட்டும் உள்ளே விட்டு உண்ணும் கலையை நான் பயின்றிருந்தேன். இன்று அதே களி, பெங்களூர் உணவகங்களில் 'முத்தே' என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகிறது. மாரண்டஹள்ளியில் இரயிலேறி அங்கே வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் அதை விலைகொடுத்து உண்டுவிட்டு வந்து வீட்டில் புகழ்கிறார்கள். அவர்தம் தாய்மார்கள் என்ன நினைப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்திற்கு விடுகிறேன்.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டில் தமிழக அரசு தருமபுரி, நீலகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் குடும்ப அட்டைக்கு 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் கேழ்வரகைத் தந்தவர்கள் மொச்சையையும் உடன் தந்திருக்கலாம் என்பது என் ஆசை. தனியே வந்த கேழ்வரகு பல வீடுகளில் காலைக் கஞ்சியாகக் கரைந்துபோகும். பருப்புக்கு அங்கே இடமில்லை.

சூரத்து மாசியின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். அன்று ஊந்தியுவில் 'முட்டியா' என்னும் உருண்டைகளும் இருந்தன. வெந்தயக் கீரையை மாவில் பிசைந்து, முட்டியில், அதாவது கைப்பிடியில் அழுத்திப் பிடிப்பதால் அப்பெயர். அதைக் கண்டதும் எங்கள் களி உருண்டையைப் பற்றிச் சொன்னேன். எந்தத் தானியம் என்று கேட்டார். விளக்கியதும் அவர் முகம் மாறியது.

"அது நாக்லி அல்லவா? டாங்க் மலையில் இருப்பவர்கள் உண்பது" என்றார்.

அவர் சொன்னது உண்மையே. குஜராத்தின் தென்கிழக்கிலுள்ள டாங்க் மாவட்டத்தில் கேழ்வரகுக்கு நாக்லி என்று பெயர். மலைவாழ் மக்களின் உணவு அது. மரத்தடியில் பாத்திரத்தை மூடிக்கொண்டு உண்ட சிறுவனாக ஒரு கணம் மீண்டும் ஆனேன். இம்முறை மூடியைத் திறந்துவிட்டேன்.

"நான் அதை உண்டுதான் வளர்ந்தேன், மாசி" என்றேன்.

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் காய் ஆய்ந்தார். பிறகு, அடுத்த முறை ஊருக்குப் போய் வரும்போது ஒரு கிலோ மாவு கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் முட்டியா பிடித்தாராம். கறுப்பாக இருக்கிறதென்று பேரப் பிள்ளைகள் கேலி செய்தார்களாம். பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்து மறுபடி செய்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை என்று நண்பர் எழுதியிருந்தார். இன்னும் இரண்டு கிலோ வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.