கதவைத் தட்டியவனும் உள்ளே வந்தவனும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்து நிமிஷம்தான் என்று செயலாளர் கடிகாரத்தையும் காட்டிவிட்டார். அதனால் ஒரே ஒரு விஷயம். "உள்ளே நுழைய நடந்த முயற்சி தடுக்கப்பட்டது" என்று வீட்டுக் கம்ப்யூட்டரின் ஃபயர்வால் எச்சரிக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

என் வகுப்புத் தோழர் ஒருவர், ரிட்டயர் ஆனவர், ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணினார். "டேய், ஒரு மணி நேரத்துல நாற்பது தடவை எவனோ உள்ள வரப் பார்க்கிறான்டா. எனக்கும் அவனுக்கும் என்ன விரோதம்?" என்றார். "அவனுக்கு உன்னைத் தெரியவே தெரியாதுப்பா" என்றேன்.

உண்மை அதுதான். இன்டர்நெட்டின் பழைய முறை முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட இசட்மேப் என்ற புரோகிராம், வேகமான இணைப்புள்ள ஒரே கம்ப்யூட்டரிலிருந்து அத்தனை முகவரிகளிலும் ஒரு கதவை 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ஆராய்ச்சிக்காரரும் தட்டுகிறார், திருடனும் தட்டுகிறான். தட்டுவது மெஷின், அதற்கு ஆள் யாரென்று கவலையில்லை. முகவரியை வைத்து "இவன் எந்த நாட்டுக்காரன்" என்று துருவுவதும் வீண். பல சமயம் அது ஏற்கெனவே பாதிக்கப்பட்ட வேறொரு அப்பாவியின் மெஷினாக இருக்கும்.

அப்படியானால் எதற்குத்தான் பயப்படுவது? திசையைப் பாருங்கள். வெளியிலிருந்து வந்தது, தடுக்கப்பட்டது என்றால் காவல்காரர் வேலை பார்த்திருக்கிறார், நிம்மதியாகத் தூங்கலாம். நீங்கள் அறியாத ஒரு புரோகிராம் உள்ளேயிருந்து வெளியே பேச அனுமதி கேட்டால்தான் எழுந்து உட்கார வேண்டும். அவசரத்தில் 'சரி' என்று அமுக்கிவிடாதீர்கள். மறுத்துவிட்டு, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, வைரஸ் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

இரண்டாவது, நாமே திறந்து வைத்த கதவு. 2016-இல் பரவிய மிராய் என்ற புரோகிராம் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் தேடி, அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தது. லட்சக்கணக்கில் சிக்கின. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி, டைன் என்ற கம்பெனியைத் தாக்கியதில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களே பல மணி நேரம் தடுமாறின. மிராயை உருவாக்கியதாக 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூவரும் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். மாணவர்களே, திறமை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் யோசியுங்கள்.

என் நண்பர் கதைக்கு வருகிறேன். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். சில மாதம் கழித்துத் திரை முழுக்கச் சிவப்பாக, "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, உடனே இந்த நம்பருக்குப் பேசவும்" என்று வந்தது. பேசினார். மறுமுனையில் மரியாதையான குரல். சொன்ன புரோகிராமைப் போட்டுக்கொண்டார். அரை மணியில் சேமிப்பில் ஒரு பகுதி போய்விட்டது. தட்டிய நாற்பது பேரில் ஒருத்தனும் உள்ளே வரவில்லை. வந்தவனுக்கு அவரே கதவைத் திறந்து நாற்காலி போட்டார். அவருடைய பயம்தான் திருடனுக்கு முதல்.

விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குச் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் ரௌட்டர் பாஸ்வேர்டை மாற்றி, அப்டேட் போட்டு, எந்த எச்சரிக்கைக்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். எந்த ஃபயர்வாலாலும் செய்ய முடியாத வேலை அது.