பனியன் போட்ட வாளி

திருப்பூரில் கட்டிங் மாஸ்டரைக் கேட்டாலும் சரி, செக்கிங் டேபிளில் நிற்கும் அக்காவைக் கேட்டாலும் சரி, ஒன்று சொல்வார்கள்: பனியன் துணி காற்று விடும். தறியில் நெய்த துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக இறுகிக் கிடக்கும். நிட்டிங் மெஷினில் பின்னிய துணியிலோ நூல் கண்ணி கண்ணியாக வளைந்திருக்கும். அந்தக் கண்ணிகளின் வழியே காற்று போய் வரும், துணியும் இழுத்த பக்கம் நீளும்.

வீட்டில் உரம் தயாரிக்கும் தொட்டிக்கும் இதே குணம்தான் வேண்டும். காற்று புகுந்தால் காய்கறிக் கழிவு மட்கி உரமாகும். புகாவிட்டால் அழுகி நாறும். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இதற்குள் அடக்கம்.

திருப்பூர்க் குப்பை கடைசியில் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டினார்கள். முதலிபாளையம், இடுவாய்ப் பக்கத்து மக்கள் வேண்டாம் என்று எதிர்த்து நின்றார்கள். நம் வீட்டுக் குப்பையை எடைபோட்டுப் பார்த்தால் பெரும்பங்கு ஈரக்கழிவாகத்தான் இருக்கும். வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், டீத்தூள், கீரைத் தண்டு. இவை வாசலைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை.

தொட்டிக்கு என்ன செலவாகும்? பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய பொருள் கடையில் 20 லிட்டர் பெயிண்ட் வாளி கிடைக்கும். சமையல் எண்ணெய் வந்த வாளி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் நம் ஊரில் ஒரு எச்சரிக்கை அவசியம். சாயப்பட்டறை, பிளீச்சிங் பட்டறையிலிருந்து வரும் டிரம்களும் அதே கடைகளில் அடுக்கியிருக்கும். திடமாகவும் மலிவாகவும் இருப்பதால் கை தானாகப் போகும். அவற்றில் காஸ்டிக், பெராக்சைடு, இன்னும் என்னென்ன வந்ததோ. உள்ளே இருந்தது என்னவென்று தெரியாத டிரம்மில், நீங்கள் சாப்பிடும் கத்தரிக்காய்க்கு உரம் போட வேண்டாம்.

வாளியைக் கழுவிக் காயவைத்து, சுற்றிலும் நான்கு விரற்கடைக்கு ஒன்றாகப் பென்சில் பருமனில் துளை போடுங்கள். அடியிலும் ஏழெட்டுத் துளை வேண்டும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, வடியும் நீருக்கு ஒரு தட்டை அடியில் வையுங்கள். வாளிக்குள் முதலில் தேங்காய் மட்டைத் துண்டுகள், அதன்மேல் ஓர் அடுக்குக் காய்ந்த இலை. வேப்பஞ்சருகுக்கா நம் தெருக்களில் பஞ்சம்? அதுவும் கிடைக்காவிட்டால், காலியான நூல் கோனின் காகித அட்டையை நனைத்துக் கிழித்துப் போடலாம்.

அடுத்தது மூடி. பழைய வெள்ளைப் பனியன் ஒன்றை எடுத்து, அதன் அடிப்பக்கத்தை வாளியின் வாயில் மாட்டி, பக்கத் துளைகளும் மறையும்படி கீழே இழுங்கள். கழுத்தையும் கைப்பக்கங்களையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். வாளிக்குப் பனியன் போட்டாயிற்று! காற்று போகும், ஈ நுழையாது. கழிவு போடும்போது முடிச்சை அவிழ்த்தால் போதும். லைன் வீட்டுக்காரர்கள் மாடிப்படிக்கு அடியிலேயே வைத்துக்கொள்ளலாம், மழை படாத இடம்தான் முக்கியம்.

ஒரு கை ஈரக்கழிவு போட்டால், இரண்டு கை சருகு போட்டு மூடுங்கள். முதல் நாள் ஒரு பிடி தோட்டத்து மண்ணும் கொஞ்சம் புளித்த மோரும் சேர்த்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகும். வாரம் இரண்டு முறை குச்சியால் கிளறிவிடுங்கள். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் பூஞ்சை கண்டு பயப்பட வேண்டாம், அது வேலைக்காரன். இறைச்சி, எலும்பு, எண்ணெய்ப் பண்டம் மட்டும் உள்ளே வேண்டாம். வாளி நிறைந்ததும் அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது வாளியைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முதல் வாளி, மழை பெய்த மண் வாசத்தோடு கறுப்பாகத் திறக்கும்.

இந்த வேலைக்கும் பருத்திக்கும் பழைய உறவு உண்டு. 1924-இல் வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் தொடங்கிய ஆய்வு நிலையம், இந்திய மத்தியப் பருத்திக் குழுவின் பண உதவியோடு நடந்தது. பருத்திச் செடியின் காய்ந்த தண்டு லேசில் மட்காது. அதனால் அதை வண்டித் தடத்தில் பரப்பி, மாட்டு வண்டிச் சக்கரத்தில் நசுங்க விட்டார். பிறகு சாணம், சிறுநீர் ஊறிய மண், சாம்பலோடு குழியில் அடுக்கினார். காற்றுப் பட அவ்வப்போது புரட்டிவிட்டார். அவரும் உடன் உழைத்த யஷ்வந்த் வாடும் 1931-இல் வெளியிட்ட நூலின் வழியே இப்படி உரம் செய்வது 'இந்தூர் முறை' என்று உலகெங்கும் பரவியது. காற்றும் சருகும் என்று நான் சொன்ன கணக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு செய்தி, நம் ஊர்க்காரர்கள் ரசிப்பீர்கள். 2021-இல் சுவிட்சர்லாந்தில் சுமார் ஆயிரம் பேர் இரண்டாயிரம் வெள்ளைப் பருத்தி ஜட்டிகளை மண்ணில் புதைத்தார்கள். மண்ணில் உயிர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு! துணி எவ்வளவு மட்கிப் போயிருந்ததோ, மண்ணில் அவ்வளவு உயிர். எலாஸ்டிக் மட்டும் மட்காமல் மிஞ்சும்.

நாமும் செய்து பார்க்கலாம். சாயம் போடாத, நூறு சதம் பருத்திப் பனியன் ஒன்றை உரம் போட்ட பாத்தியில் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கிண்டிப் பாருங்கள். மண்ணில் உயிர் இருந்தால் துணி அநேகமாகக் காணாமல் போயிருக்கும். கையில் வருவது தையல் நூல்தான். தைத்த நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லவா? கழுத்து வளையம், கை வளையம், கீழ் மடிப்பு என்று பனியனின் கோடு மட்டும் எலும்புக்கூடு போல விரலில் தொங்கும். அதைப் பார்த்தாலே டெய்லருக்குத் தெரியும், எந்த நூலை மண் எடுத்துக்கொண்டது, எதைத் திருப்பிக் கொடுத்தது என்று.