எலும்பின் வழியே ஒரு பாதை



ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்துத் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேருவதை இப்பகுதியார் நன்கறிவார்கள். ஆனால், அவசர சிகிச்சையில் பெருகும் ரத்தத்தை அழுத்தி நிறுத்துவதோடு ரத்தக்குழாய்க்குள் ஒரு வழி திறந்தாக வேண்டும் என்பதையும், அவ்வழி சில சமயங்களில் எலும்புக்குள்ளேயே திறக்கப்படுகிறது என்பதையும் அறிந்தவர் அதிகமிரார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையில் விபத்துக்குள்ளாகி ரத்தம் இழந்தவருக்கும், வயிற்றுப்போக்கினால் துவண்டுபோன குழந்தைக்கும், மலையடிவாரத் தோப்பில் கண்ணாடி விரியன் தீண்டியவருக்கும் வாய்வழி மருந்து உரிய நேரத்தில் உதவாது. 2008-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் ஓடிவரும் 108 வண்டியிலோ, ஆஸ்பத்திரி வாசலிலோ, 'வென்ஃப்ளான்' என்று நர்ஸுகள் சொல்லும் மெல்லிய குழாயைக் கையில் ஏற்றுவது இதனாலேதான். அதன் எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். பச்சை நிறத்து 18 அகலமானது, மஞ்சள் நிறத்து 24 பச்சிளங்குழந்தைக்கு உரியது. துவாரத்தின் அகலம் இரட்டித்தால், சீரான ஓட்டத்தில், பாயும் திரவம் கணக்குப்படி பதினாறு மடங்காகுமாதலால், ரத்தம் பெருகுகிறவருக்கு அகலமும் குட்டையுமான குழாயை முழங்கை மடிப்பில் ஏற்ற முனைவார்கள். விரியன் கடித்தவருக்கோ ரத்தம் உறையும் சக்தி குன்றிக் குத்திய இடமெல்லாம் கசியக்கூடும். ஆகையால் கண்ட இடத்தில் குத்திப் பார்ப்பது ஆகாது.

சங்கடம் என்னவென்றால், வழி மிகவும் தேவைப்படும் தருணத்தில்தான் அது மறைந்துபோகிறது. ரத்தம் குறைந்தால் சரீரம் தன் கையிருப்பை இருதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கிக்கொண்டு, தோலடிக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. "நரம்பு கிடைக்கவில்லை" என்று நர்ஸம்மா கைகளை மாற்றி மாற்றித் தடவும்போது உறவினர் கோபிப்பதுண்டு. அது பெரும்பாலும் நியாயமற்ற கோபம்.

மண்ணில் தோண்டிய கிணறு சரிந்து தூர்ந்தாலும் பாறையைக் குடைந்த கிணறு தூராது. அதுபோல, எலும்பின் சுவர் தாங்குவதால் மஜ்ஜையினுள் ஓடும் குழாய்கள் சுருங்கி மூடிவிடுவதில்லை. அங்கே செலுத்திய மருந்து சில விநாடிகளில் இருதயத்தை எட்டுகிறது.

இவ்விரு வழிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. காலரா கண்டவரின் ரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்திருப்பதை ஆராய்ந்து அறிவித்தவர் ஓஷானசி என்ற வைத்தியர். பிற்பாடு இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவரும் அவரே. அந்த ஆராய்ச்சியைப் பின்பற்றி 1832-இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற வைத்தியர் உப்பு நீரை நேரே ரத்தக்குழாயில் ஏற்றினார். 1922-இல் டிரிங்கர் என்பவர் மார்பெலும்பின் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போரில் எலும்பின் வழியே திரவம் செலுத்தும் முறை பயன்பட்டது. பின்னர் பிளாஸ்டிக் குழாய்கள் வந்ததும் அதை மறந்தார்கள். மறந்ததை நினைவூட்டியது நம் தேசம். காலராக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஆர்லோவ்ஸ்கி என்ற அமெரிக்க வைத்தியர், இங்குள்ளோர் எலும்பில் ஊசியிட்டு உயிர் காப்பதைக் கண்டு, ஊர் திரும்பி 1984-இல் அதை ஆதரித்து எழுதிய பிறகே மேல்நாட்டார் அதை மீண்டும் கைக்கொண்டார்கள். இங்கிருந்து போன உபாயத்தை நாம் அந்நிய யந்திரவித்தையென்று மிரள்வது விநோதந்தான்.

குழந்தைக்கு அந்த ஊசியை முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்னெலும்பின் உட்புறச் சமதளத்தில், வளரும் முனையை விலக்கி இறக்குகிறார்கள். முறிந்த எலும்பில் இடுவதில்லை. நினைவோடிருப்பவருக்கு ஊசி இறங்குவதைக் காட்டிலும் திரவம் பாய்வதே வலிக்குமென்பதால், முதலில் மரத்துப்போகும் மருந்தைச் சிறிது செலுத்துவார்கள். திரவம் தானாக வேகமாய் இறங்காது. சிரிஞ்சினாலோ பையை அழுத்தியோ உந்த வேண்டும். ரத்த ஓட்டம் சீர்பட்டுக் கைக்குழாய்கள் புடைத்தவுடன் அங்கே வழி செய்துகொண்டு, வழக்கமாக ஒரு நாளுக்குள்ளாகவே எலும்பிலிருந்து ஊசியை எடுத்துவிடுகிறார்கள்.